ஸாஹில் கரைக்கு ஒரு பயணத் திட்டம்

துனீஸியா என்ற பெயரைச் சொன்னதும் எங்கள் வீட்டில் எழுந்த முதற் கேள்வி, "அங்கே நம்மவர்கள் யார் இருக்கிறார்கள்?" என்பதுதான். கேட்டவர்கள் என் உம்மா. எங்கள் காயல்பட்டினத்தில் பயணம் என்றால் உறவினரிடம் போவது என்றுதான் பொருள். கொழும்பில் சாச்சா இருந்தார்கள். ஆகவே கொழும்புக்குப் போனோம். சென்னையில் மாமா வீடு இருக்கிறது. ஆகவே சென்னைக்குப் போகிறோம். அறிந்தவர் ஒருவரும் இல்லாத ஊருக்கு, ஒரு வேலையும் இல்லாமல், ஆறு பேர் பணம் செலவழித்துப் போவது என்பது எங்கள் குடும்பத்தில் இதுவரை நடந்திராத காரியம்.

நடக்க வேண்டிய தேவை இப்போது வந்திருக்கிறது. என் கணவர் ஷார்ஜாவில் 24 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இன்ஷா அல்லாஹ், வரும் கோடையில் ஊர் திரும்புகிறார்கள். எனக்குத் திருமணமாகி 22 ஆண்டுகள். அவர்களுடைய விடுமுறைகளையெல்லாம் ஒருநாள் நாட்காட்டிகளை வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தேன். நாங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலம் மூன்று ஆண்டுகளுக்கும் சற்றுக் குறைவு. அந்த நாட்களும் எங்களுக்கென்று கிடைத்தவை அல்ல. கல்யாண வீடுகள், மௌத்து வீடுகள், வங்கி, பத்திரப் பதிவு, வீட்டுக்கு மேல்மாடி கட்டியது என்று அவை ஓடிவிட்டன. மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருக்கிறோம். மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருப்பதால் அவளும் அங்கே போய்விடுவாள். மூத்த மகன் கல்லூரி விடுதிக்குப் போகிறான். ஆக, ஆறு பேரும் வேறு வேலையின்றிச் சேர்ந்திருக்கக் கூடிய நாட்கள் ஒன்பதோ பத்தோதான்.

இதைச் சொன்னபோது உறவினர் பலரும் ஒரே யோசனையைச் சொன்னார்கள்: "அந்தப் பணத்துக்கு எல்லோரும் உம்ரா போய்விட்டு வரலாமே!" இதற்கு எதிராக ஒரு முஸ்லிம் வீட்டில் வாய் திறப்பது எளிதன்று. நான் திறக்கவில்லை. பதில் சொன்னவர்கள் உம்மாதான். வாப்பா ஹயாத்தாக இருந்தபோதே அவருடன் ஹஜ்ஜை நிறைவேற்றியவர்கள் அவர்கள். "உம்ராவுக்கு இபாதத் என்ற நிய்யத்தோடு போக வேண்டும். புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் முகம் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால் அதற்கு அந்தப் புனிதத் தலத்தைச் சாக்காக்கக் கூடாது. இரண்டும் வேறு வேறு பயணம்" என்றார்கள். அத்துடன் அந்தப் பேச்சு நின்றது. பணம் என் கணவருடைய பணிக்கொடையிலிருந்து வருகிறது. மகளின் திருமணச் செலவையும் மகன்களின் படிப்புச் செலவையும் முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில் ஒரு சிறு பகுதியையே இதற்கு எடுக்கிறோம். கடன் இல்லை.

எந்த ஊர் என்று முடிவு செய்வதில் ஒருமாதம் போயிற்று. கணவருக்குக் கடல் வேண்டும். ஷார்ஜாவிலும் கடல் இருக்கிறதே என்றால், "அது வேலைக்குப் போகிற வழியில் இருக்கிற கடல்" என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பிக்கிற எனக்குப் பழைய ஊராக இருக்க வேண்டும். உம்மாவுக்கு உணவில் ஐயம் வரக் கூடாது. பாங்கு காதில் விழ வேண்டும். இஸ்தான்பூல் என்று மகள் சொன்னாள். ஆனால் அவ்வளவு பெரிய நகரத்தில் 73 வயதில் முழங்கால் வலியுள்ள ஒருவரை வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கங்களில் நடக்க முடியாது. உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலை மேற்கே நகர்த்தியபோது துனீஸியாவின் கிழக்குக் கரையில் நின்றது. அந்தக் கரையின் பெயரே ஸாஹில். அரபியில் கரை என்று பொருள். ஸூஸா, முனஸ்தீர், மஹ்தியா ஆகிய மூன்று ஊர்களும் அதில் அடுத்தடுத்து இருக்கின்றன. முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையே எழுபது கிலோமீட்டர் அளவுதான். மூன்றையும் ஒரு மின்சார ரயில் இணைக்கிறது.

பயண ஏற்பாட்டாளர் ஒருவரிடம் கேட்டதற்கு, எட்டு நாளில் ஏழு ஊர்கள், நடுவில் ஸஹாராவில் ஒட்டகச் சவாரி, ஒரு கூடாரத்தில் இரவு என்று அட்டவணை அனுப்பினார். காலை ஆறு மணிக்குப் பெட்டி கட்டுவதும் இரவு ஒன்பதுக்குப் பெட்டி பிரிப்பதுமாக இருந்தது. என் கணவர் 24 ஆண்டுகளாகப் பெட்டி கட்டியவர். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டோம். முனஸ்தீரில் ஒரே வீட்டை எடுத்துத் தங்குவது, அங்கிருந்து காலையில் போய் மாலையில் திரும்பக் கூடிய இடங்களை மட்டும் பார்ப்பது என்பது எங்கள் முடிவு. உம்மா உடனே ஒரு மஸ்அலா கேட்டார்கள்: "ஒரே ஊரில் ஒன்பது நாள் தங்குவதாக நிய்யத் வைத்தால் கஸ்ர் கிடையாதே?" நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் போகிற நாளும் வருகிற நாளும் நீங்கலாக நான்கு நாள் ஒரு ஊரில் தங்க எண்ணினாலே பிரயாணிக்குரிய சலுகை போய்விடும். "பரவாயில்லை, முழுதாகவே தொழுதுகொள்வோம், பெட்டி கட்டுவதைவிட அது இலகு" என்று அவர்களே முடித்தும் வைத்தார்கள்.

முனஸ்தீரைத் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம் அது பெரும்பாலும் சமதளமான சிறிய ஊர் என்பது. இரண்டாவது காரணம் அங்குள்ள ரிபாத். கடலை நோக்கி நிற்கும் அந்தக் கோட்டையைக் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில், 796ஆம் ஆண்டில், ஆளுநர் ஹர்ஸமா இப்னு அஃயன் கட்டுவித்தார். பின்னர் பல காலங்களில் அது விரிவாக்கப்பட்டது. ரிபாத் என்பதை வெறும் கோட்டை என்று மொழிபெயர்த்தால் பாதிப் பொருள்தான் வரும். கடல்வழியாக வரும் எதிரிகளைக் கண்காணிக்கத் தாமாக முன்வந்தவர்கள் அங்கே தங்கினார்கள். பகலில் காவல், இரவில் வணக்கம். காவற்கோபுரத்தில் தீ மூட்டி அடுத்த ரிபாதுக்குச் செய்தி சொல்வார்கள். முற்றத்தைச் சுற்றிச் சின்னஞ்சிறு அறைகள். நான் அந்த அறைகளின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பியதும் என் கணவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான் முதலில் வந்தபோது இருந்த கேம்ப் ரூம் மாதிரியே இருக்கிறது. அதில் நாங்கள் எட்டுப் பேர்" என்று சிரித்தார்கள். முதல் ஆறு ஆண்டுகள் தாம் எங்கே படுத்திருந்தோம் என்பதை அவர்கள் இதற்கு முன் என்னிடம் சொன்னதில்லை.

துனீஸியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஹபீப் பூர்கீபா பிறந்த ஊரும் அதுவே. அவருடைய பெரிய கப்ருக் கட்டடம் அங்கே இருக்கிறது. ஷரீஅத் சட்டங்களிலும் நோன்பு பற்றியும் அவர் எடுத்த நிலைகள் பற்றி நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம், எனக்கும் இருக்கிறது. நாட்டின் வரலாற்றை அறிய விரும்புகிறவர்கள் அதைப் பார்க்கலாம். நாங்கள் அதற்கு நாள் ஒதுக்கவில்லை.

ஸூஸா வரையிலான ரயில் பயணத்தை இளையவன் ஏற்கெனவே படத்தில் மூன்று தடவை போய்வந்துவிட்டான். ஃபினீஷியர் காலத்துத் துறைமுகம் அது. பழைய மதில் சூழ்ந்த நகரத்தை யுனெஸ்கோ 1988இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அங்கும் ஒரு ரிபாத் இருக்கிறது. அதன் காவற்கோபுரம் 821இல் எழுந்தது. அருகிலேயே 851இல் கட்டப்பட்ட ஜும்ஆப் பள்ளிவாசல். அந்தப் பள்ளிக்கு ஏனைய பள்ளிகளைப் போல உயர்ந்த மினாரா இல்லை. பக்கத்தில் ரிபாதின் கோபுரம் இருக்கையில் இன்னொன்று எதற்கு என்று விட்டுவிட்டார்களாம். அதிலிருந்தே பாங்கு சொல்லப்பட்டது. சிக்கனம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். கோபுரத்தின் ஒடுங்கிய படிகளில் பிள்ளைகள் ஏறட்டும். நானும் உம்மாவும் கீழே நிழலில் இருப்போம்.

இந்தத் திட்டத்தில் கடற்கரையை விட்டு விலகிப் போகும் நாள் ஒன்று உண்டு. கைரவானுக்குரிய நாள் அது. ஸூஸாவிலிருந்து உள்நாட்டுப் பக்கம் சுமார் அறுபது கிலோமீட்டர். ஹிஜ்ரி 50இல், அதாவது கி.பி. 670இல், உக்பா இப்னு நாஃபிஃ அவர்கள் அமைத்த படைவீடு வட ஆப்பிரிக்கா முழுமைக்கும் கல்வித் தலைநகரமாக வளர்ந்தது. மாலிக்கி மத்ஹபின் பெருநூலான முதவ்வனாவைத் தொகுத்த இமாம் ஸஹ்னூன் இந்த ஊர்க்காரர். இன்று காணும் பெரிய பள்ளிவாசல் 836இல் அஃக்லபிய ஆட்சியாளர் ஸியாதத்துல்லாஹ் மீண்டும் கட்டியது. பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்துவந்த தூண்கள் நானூறுக்கும் மேல் அதில் நிற்கின்றன. மினாரா நம் ஊர்களில் உள்ளது போல் உருண்டையானதன்று. சதுரமானது, மூன்று அடுக்கு, முப்பது மீட்டருக்குச் சற்று மேல் உயரம். முற்றத்தின் தரை நடுவை நோக்கிச் சரிந்திருக்கும். மழைநீர் அங்கே வடிகட்டப்பட்டு அடியிலுள்ள தொட்டிக்குப் போகிறது. தொட்டியிலிருந்து நீர் இறைத்த பளிங்குக் கிணற்று வாய்களில், கயிறு உராய்ந்து உராய்ந்து விழுந்த பள்ளங்கள் இன்னும் தெரிகின்றன.

உள்ளே இருக்கும் மிம்பரைப் பற்றி வாசகச் சகோதரிகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்யப்பட்டது. உலகில் எஞ்சியிருக்கும் மிம்பர்களில் மிகப் பழையது. முந்நூறுக்கும் மேற்பட்ட செதுக்குப் பலகைகளைப் பொருத்தியிருக்கிறார்கள். மரம், தேக்கு. வட ஆப்பிரிக்காவில் தேக்கு விளைவதில்லை. அது நம் பக்கத்துக் கடல்களைத் தாண்டித்தான் அங்கே போயிருக்க வேண்டும். இதைக் கேட்டதும் உம்மா, "அப்படியானால் அங்கே நம்மவர் ஒருவர் இருக்கிறாரே" என்றார்கள்.

முஸ்லிமல்லாத சுற்றுலாப் பயணிகளை அந்தப் பள்ளியின் முற்றத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தொழுகை மண்டபத்தை வாசலில் நின்று பார்க்கலாம். நமக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் உம்மாவுக்கு இதில் வேறொரு செய்தி இருந்தது. எங்கள் ஊரில் பெண்களுக்கெனத் தனித் தைக்காக்கள் உண்டு. ஜும்ஆப் பள்ளிக்குள் பெண்கள் போவது வழக்கமில்லை. மக்கா, மதீனாவைத் தவிர வேறெந்தப் பள்ளிவாசலிலும் உம்மா ஒரு ரக்அத் தொழுததில்லை. "உள்ளே விடுவார்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். பெண்களுக்கு ஒதுக்கிய இடம் இருக்கிறது என்றேன். அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, கைரவானுக்கு எந்தக் கிழமை போகிறோம் என்று மட்டும் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை நெரிசல் இருக்கும் என்பதால் செவ்வாய்க்கிழமை லுஹருக்குப் போவதாகக் குறித்திருக்கிறோம்.

பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சிலவற்றைச் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே மாலிக்கி மத்ஹப். தொழுகையில் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டு நிற்பவர்கள் இருப்பார்கள். சத்தமிட்டு ஓதும் தொழுகையில் இமாம் பிஸ்மியைச் சத்தமாக ஓதமாட்டார். மறந்துவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. நாம் ஓதுவது ஹஃப்ஸ் அறிவிப்பு, அவர்கள் ஓதுவது காலூன் அறிவிப்பு. ஃபாத்திஹாவிலேயே நாம் நீட்டி ஓதுகிற ஓரெழுத்தை அவர்கள் நீட்டாமல் ஓதுவார்கள். நம் இமாம் ஷாஃபிஈ அவர்களே இமாம் மாலிக் அவர்களிடம் மாணவராக அமர்ந்தவர்கள் என்பதையும் சொன்னேன். "அப்படியானால் நாம் உஸ்தாதுடைய ஊருக்குப் போகிறோம்" என்றான் இளையவன். இமாம் மாலிக் மதீனாவில் வாழ்ந்தவர்கள் என்று அவனுடைய அண்ணன் திருத்தினான். அதன்மேல் ஒரு சண்டை.

மஹ்தியா மகளுக்காக. ஃபாத்திமிய வம்சத்தின் முதல் கலீஃபா அப்துல்லாஹ் அல்மஹ்தீ கடலுக்குள் நீண்ட ஒரு நிலமுனையில் இந்நகரத்தைக் கட்டி 921இல் தலைநகராக்கினார். 1550இல் ஸ்பானியப் படை அதைப் பிடித்தது. நான்கு ஆண்டுகள் கழித்துப் போகும்போது மதில்களை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனது. தப்பி நிற்கும் பெருவாயிலின் இருண்ட நடைவழியைக் கடந்தால் பழைய ஊர். அங்கே மணப்பெண்களின் உடைக்கான பட்டைக் கைத்தறியில் நெய்கிறார்கள். சரிகைக் கரையிட்ட அந்தத் துணியின் படத்தைப் பார்த்ததிலிருந்து மகள் தன் நிக்காஹுக்கு அதில் ஒரு மேற்துணி வேண்டும் என்கிறாள். விலையை அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறோம். நிலமுனையின் கடைசியில், அலைகளுக்குச் சில அடி தூரத்தில் வெள்ளைக் கப்ருகள் நிறைந்த மையவாடி இருக்கிறது. அந்த ஊரின் கடலடியில் 1907இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள் ஒரு பழைய கப்பலின் சிதைவைக் கண்டார்கள். அதிலிருந்த வெண்கலச் சிலைகளும் பளிங்குத் தூண்களும் தூனிஸ் நகரின் பார்தோ அருங்காட்சியகத்தில் உள்ளன. முத்துக்குளித்த கரையில் பிறந்த நமக்கு மூழ்குகிறவர்களின் கதையில் ஓர் ஈர்ப்பு வந்துவிடுகிறது.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. கேட்கவும் வேண்டும். 2015 மார்ச்சில் பார்தோ அருங்காட்சியகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதே ஆண்டு ஜூன் 26ஆம் நாள் ஸூஸாவுக்கு அருகில் கடற்கரை விடுதி ஒன்றில் 38 பேர் கொல்லப்பட்டார்கள். ரமழான் மாதத்து வெள்ளிக்கிழமை அது. கொல்லப்பட்டவர்களில் 30 பேர் பிரிட்டிஷ்காரர்கள். விருந்தினரைக் காப்பதற்காக அங்கு வேலை பார்த்தவர்கள் கைகோத்து அரணாக நின்றதை உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். பிரிட்டிஷ் அரசு தன் மக்களுக்கு விதித்திருந்த பயண எச்சரிக்கையை 2017இல்தான் தளர்த்தியது. இவற்றை உம்மாவிடமும் பிள்ளைகளிடமும் மறைக்கவில்லை. லிபிய எல்லைப் பக்கமும் மேற்கு மலைப் பக்கமும் எங்கள் வழியில் இல்லை. புறப்படும் மாதத்தில் நிலைமையை மறுபடி விசாரித்துவிட்டே போவோம்.

தங்குமிடத்தைப் பற்றி ஒரு சொல். அந்தக் கரையின் பெரிய விடுதிகள் ஐரோப்பியரை எண்ணிக் கட்டியவை. உணவும் மதுவும் சேர்த்தே கட்டணம் வாங்குவார்கள். சில விடுதிகளின் நீச்சல் குளத்தில் உடல் முழுவதையும் மறைக்கும் உடையோடு இறங்கவிடுவதில்லை. ஒரு முஸ்லிம் நாட்டில் இதையெல்லாம் விசாரிக்க வேண்டியிருக்கிறதே என்று என் கணவர் வருந்தினார்கள். எங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம் என்றே சமையலறையுள்ள வீடாக, தரைத்தளமாகத் தேடினோம். காலையில் மீன் வாங்கலாம். அவர்களுடைய ஹரீஸா என்ற மிளகாய் விழுது நம் நாக்குக்கு ஏற்றது. காய்ந்த மிளகாய், பூண்டு, கொத்தமல்லி விதை, ஒலிவ எண்ணெய் சேர்த்து அரைப்பது. நபுல் பகுதி அதற்குப் பெயர்போனது. மீன் ஆணத்தோடு குஸ்குஸ் என்றால் உம்மாவும் சாப்பிடுவார்கள். கைரவானின் மக்ரூத், ரவையில் பேரீச்சம்பழம் வைத்துப் பொரித்துப் பாகில் போட்ட பலகாரம். இது ஒன்றை நம்பித்தான் இளையவன் கைரவானுக்கு வரச் சம்மதித்திருக்கிறான்.

நாங்கள் போவது மே மாதம். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். மே மாதக் கடல் நம் கடலைவிட வெகு குளிர்ச்சியாக இருக்கும். காலை நனைத்துவிட்டு அலறிக்கொண்டு ஓடிவருவார்கள் என்பது என் கணிப்பு. துனீஸிய தினாரை நாட்டுக்குள் கொண்டுபோகவும் கூடாது, வெளியே கொண்டுவரவும் கூடாது. விமான நிலையத்தில் மாற்றி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். தூனிஸ் விமான நிலையத்திலிருந்து முனஸ்தீர் 160 கிலோமீட்டர் அளவு. உம்மாவுக்காக அன்று மட்டும் தனிக் கார். மற்ற நாட்களில் ரயிலும், ஆள் நிரம்பியதும் புறப்படுகிற எட்டு இருக்கை லுவாஜ் வண்டிகளும் போதும். மொழி பற்றிக் கவலையில்லை என்கிறார்கள் என் கணவர். 24 ஆண்டு அரபியை நம்பிச் சொல்கிறார்கள். துனீஸியப் பேச்சரபி வளைகுடா அரபிக்கு வெகு தூரம் என்று படித்தேன். அதை இப்போதைக்குச் சொல்லவில்லை.

பயணத்தின் முதல் கட்டம் இப்படி அமைகிறது. நாங்கள் ஐந்து பேரும் சென்னையிலிருந்து துபாய் போகிறோம். கணக்கு முடித்துக்கொண்டு அவர்கள் அங்கே விமான நிலையத்துக்கு வந்து எங்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். திரும்பும்போது ஆறு பேரும் சென்னைக்கு வருகிறோம். இத்தனை ஆண்டுகளில் எங்கள் பிள்ளைகள் வாப்பாவை வரவேற்கவும் வழியனுப்பவும் விமான நிலையத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறார்கள். ஒரு தடவையாவது அவர்களோடு விமானத்தில் ஏறியதில்லை. ஜன்னலோர இருக்கை யாருக்கு என்று இரண்டு பையன்களுக்கும் இப்போதே போட்டி. வாப்பாவுக்குப் பக்கத்து இருக்கை தனக்கு என்று மகள் சொல்லிவிட்டாள்.

துனீஸியத் தூதரகம் புதுடில்லியில் இருக்கிறது. விசாவுக்கான புகைப்படங்கள் எடுத்தாயிற்று. வங்கிக் கணக்கு விவரங்களும் தயார். உம்மாவின் பாஸ்போர்ட் ஹஜ்ஜுக்குப் போனபோது எடுத்தது. காலாவதியாகிவிட்டதால் புதிதாக விண்ணப்பித்திருக்கிறோம். காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு வருவார்கள் என்று யாரோ சொன்னதால், இரண்டு நாட்களாக அஸர் தொழுததும் நல்ல துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு முன்னறையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.